பார்டர் டீ

எங்கள் வீட்டுக் கூடத்தில், டிவிக்கு எதிர்ச் சுவரில், ஆப்பிரிக்கா தொங்குகிறது. நாலடி அகலம், இரண்டு பக்கமும் அச்சடித்து லேமினேட் செய்த கனமான வரைபடம். ஒரு பக்கம் நாடுகள், மறுபக்கம் நிலம். நாடுகளின் பக்கம் மிட்டாய் ஜாடியைக் கவிழ்த்ததுபோல மஞ்சளும் ரோஸும் பச்சையும் ஊதாவுமாக இருக்கும். நிலத்தின் பக்கம் எல்லைக்கோடே கிடையாது. வடக்கே பாலைவனத்தின் வெளிர்ப்பழுப்பு, நடுவில் காட்டின் கரும்பச்சை, கிழக்கே மேட்டு நிலத்தின் காவி, ஊடே நீல நரம்புகளாக ஆறுகள். நாங்கள் மாட்டியிருப்பது நிலத்தின் பக்கம். அதில் இடதுபுறம், கினி வளைகுடாவில், கரையை விட்டு வெகுதூரம் தள்ளி, நடுக்கடலில் ஒரு துளை இருக்கிறது. ஒரே இடத்தில் பலமுறை குண்டூசி குத்தி எடுத்ததில் மிளகு அளவுக்குப் பெருத்துவிட்ட துளை. அதன் மேல் ஏதாவது ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்று என் மனைவி வருஷத்துக்கு ஒரு தடவை, பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கும்போது சொல்வாள். வேண்டாம் என்று நானும் வருஷத்துக்கு ஒரு தடவை சொல்வேன். அந்தத் துளைக்குள் எங்கள் சர்வீஸண்ணன் சில வாரங்கள் நின்றிருந்தார்.

படம் எங்கள் கம்பெனியிலிருந்து வந்தது. ஓசூர் சிப்காட்டில் டீசல் பம்பு செட் செய்யும் நடுத்தரத் தொழிற்சாலை. பெயரைச் சொன்னால், இன்னும் அங்கேயே சம்பளம் வாங்கிக்கொண்டிருக்கும் எனக்கு நல்லதல்ல. ஏற்றுமதிச் சரக்குக்கு வேண்டிய காகிதங்களைத் தயார் செய்வது என் வேலை. லுசாகாவுக்கும் கம்பாலாவுக்கும் பெட்டிகள் கிளம்பும், நான் கேன்டீனுக்குக் கிளம்புவேன். கடற்கரை இல்லாத நாடுகளுக்குச் சரக்கு எந்தத் துறைமுகத்தில் இறங்கி எந்தெந்த எல்லையைத் தாண்டிப் போகும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஒரு கண்டம் முழுவதையும் சூளகிரியைத் தாண்டாமல் நிர்வாகம் செய்தவன் என்று என்னைப் பற்றி நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. என் பாஸ்போர்ட் வாங்கிய அன்று இருந்த மாதிரியே, பிரிக்காத கல்யாணப் புடவைபோல மடிப்புக் கலையாமல் பீரோவில் கிடந்தது.

அந்தப் படத்தை வாங்கி மாட்டியவர் எங்கள் ஜி.எம். திருநெல்வேலிக்காரர். அவருக்கு நாடுகளின் பக்கம் மட்டும் போதும். மார்க்கர் பேனாவை எடுத்துக்கொண்டு, ஸ்கேல்கூட இல்லாமல், இங்கிருந்து இதுவரை ஒரு ஏரியா, அங்கிருந்து அதுவரை ஒரு ஏரியா என்று லேமினேஷன் மேல் கோடு போட்டு ஆட்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பெர்லினில் ஐரோப்பியக் கனவான்கள் கூடி உட்கார்ந்து, தாங்கள் பார்த்தே இராத நிலத்தைப் பங்கு போட்ட கதையை ஒருநாள் நான் அவரிடம் சொன்னேன். என் படிப்பைக் காட்டிக்கொள்ளும் சந்தர்ப்பம் சிப்காட்டில் அதிகம் வராது. அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "அவனுவளுக்கும் டார்கெட் இருந்திருக்கும்வே" என்றார்.

ஆனால் அந்தக் கோடுகள் என்னை விடவில்லை. வேலை இல்லாத பொழுதுகளில் படத்தின் முன்னால் நிற்பேன். காம்பியா என்றொரு நாடு, ஒரே ஆற்றின் இரண்டு கரைகளையும் பற்றிக்கொண்டு, பக்கத்து நாட்டின் வயிற்றுக்குள் விட்ட விரலைப்போல நீண்டிருக்கிறது. லெசோத்தோவைச் சுற்றி நாலு பக்கமும் தென்னாப்பிரிக்கா. உளுந்து வடையின் ஓட்டையில் ஒரு ராஜாங்கம் நடக்கிறது. இரண்டு காங்கோக்களின் தலைநகரங்களும் ஒரே ஆற்றின் எதிரெதிர்க் கரைகளில், சண்டை போட்டுக்கொண்ட பங்காளி வீடுகள்போல முகம் பார்த்து உட்கார்ந்திருக்கின்றன. நமீபியாவுக்குக் கிழக்குப் பக்கம் ஒல்லியாக ஒரு கை முளைத்திருக்கிறது. ஜாம்பசி ஆற்றைத் தொட்டுவிட்டால் அப்படியே கிழக்குக் கடலுக்குப் போய்விடலாம் என்று அன்றைய ஜெர்மானியர்கள் பேரம் பேசி வாங்கிய துண்டு அது. கொஞ்ச தூரம் போனதும் அந்த ஆறு உலகத்தின் பெரிய அருவிகளில் ஒன்றாகத் தலைகுப்புற விழுகிறது. படகு எப்படிப் போகும்? நாடுகளின் பக்கத்தில் அருவியைப் போட்டிருக்கவில்லை.

அருவி இருந்த பக்கத்துக்குச் சொந்தக்காரர் சர்வீஸண்ணன். விற்ற பம்புகளை நாடு நாடாகப் போய்ப் பொருத்துவதும் பழுது பார்ப்பதும் அவர் வேலை. சூளகிரிப் பக்கத்து விவசாயக் குடும்பம். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோபத்துக்கும் கணக்குக்கும் தமிழ். பயணம் முடிந்து வந்ததும் முதல் காரியமாகப் படத்தைத் திருப்பி நிலத்தின் பக்கமாக மாட்டுவார். "நாட்டுல பம்ப எறக்க முடியாது சார். தண்ணிலதான் எறக்கணும்" என்பார். "தண்ணி பர்ச்சேஸ் ஆர்டர் போடுமாவே?" என்று கேட்டபடி ஜி.எம். மறுபடி திருப்புவார். கண்டம் வாரத்துக்கு நாலு முறை இப்படிக் குப்புறவும் மல்லாக்கவும் படுத்துக்கொண்டிருந்தது.

இதில் ஒரு சிக்கல். வெளிநாட்டில் யார் எங்கே இருக்கிறார்கள் என்று காட்ட, ஆளுக்கொரு நிறத்தில் தலை வைத்த குண்டூசிகளை நாடுகளின் பக்கத்தில் குத்தி வைப்போம். சர்வீஸண்ணனுக்குச் சிவப்பு. படத்தைத் திருப்பும்போது ஊசிகளைப் பிடுங்கிப் பேனா ஸ்டாண்டில் போட்டுவிடுவோம், துளைகள் மட்டும் நிற்கும். ஆனால் தாளைத் திருப்பினால் வலது இடதாகிவிடுகிறது அல்லவா? கிழக்கே பெரிய ஏரிகளின் பக்கம் குத்திய ஊசி, மறுபக்கத்தில் மேற்கே அட்லாண்டிக் கடலில் துளையாக நிற்கும். இதைக் கண்டுபிடித்த அன்று அவர் வெகுநேரம் சிரித்தார். "ஏம்பா, இந்தப் பக்கம் நாட்ல இருக்கறேன், அந்தப் பக்கம் கடல்ல இருக்கறேன். ஊட்ல சொல்லிடாத." பிறகு, எங்கள் ஊர் இந்தப் படத்தில் எங்கே வரும் என்று கையால் அளந்து பார்த்தார். ஆப்பிரிக்கா முடிந்து, சட்டம் முடிந்து, எத்தியோப்பியாவுக்கு நேர் கிழக்கே ஏறக்குறைய ஒரு முழம் தள்ளி, வெறும் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில் ஓசூர் வந்தது. அங்கே ஒரு ஊசியைக் குத்தி வைத்தார். ஃபேன் போடப் போகிறவர்கள் எல்லாரும் அதற்குப் பிறகு "ஊருக்குப் போய்ட்டு வரேன்" என்று சொல்ல ஆரம்பித்தார்கள்.

கிழக்கு ஆப்பிரிக்கா நீளவாக்கில் பிளந்துகொண்டிருக்கிறது, அந்த ஏரிகள் பலவும் அந்தப் பிளவில் தேங்கிய நீர்தான், கோடிக்கணக்கான வருஷம் கழித்து நடுவில் கடல் புகுந்துவிடலாம் என்று நான் படித்ததை ஒருநாள் எடுத்து விட்டேன். அதற்குள் இந்தக் குவார்ட்டரை முடித்துவிடும்படி ஜி.எம். கேட்டுக்கொண்டார். சர்வீஸண்ணன் சிரிக்கவில்லை. வரிசையாகக் கிடந்த ஏரிகளை விரலால் தடவிக்கொண்டே வந்தார். "கெணத்துச் செவுரு பொளக்கறத பாத்திருக்கறயா நீ? சத்தம் கித்தம் ஒண்ணும் வராது. ஓரமா லேசா தண்ணி கசியும். அவ்ளோதான். அத பாத்துட்டு மேல ஏறிட்டவன் பொழச்சான்" என்றார். நான் கிணற்றில் இறங்கியவனல்ல. ஏதோ சொல்கிறார் என்று விட்டுவிட்டேன்.

எங்களுக்கு எல்லை என்றால் அத்திப்பள்ளி. ஜுஜுவாடியைத் தாண்டினால் கர்நாடகம் வந்துவிடும். போர்டுகளில் எழுத்து மாறும், பெட்ரோல் விலை மாறும், நாய்கள் குரைப்பது மாறாது. சனிக்கிழமை மத்தியானம் பைக்கை எடுத்துக்கொண்டு மாநிலம் விட்டு மாநிலம் போய் ஒரு டீ குடித்து வருவது எங்கள் பிரிவின் வழக்கம். கோட்டைத் தாண்டியதும் இடது கைப் பக்கம் ஒரு கடை. வெளியே நீளமான மரப் பெஞ்சு. அந்தப் பக்கத்துப் பாலில் ருசி வேறு என்பது எங்கள் கட்சி. மாடு கோட்டுக்கு எந்தப் பக்கம் மேய்ந்தது என்று யாரும் விசாரித்ததில்லை. இதற்கு 'பார்டர் டீ' என்று பெயர். "பார்டர் டீ போலாமா?" என்று கேட்டால் ஹெல்மெட் எடு என்று அர்த்தம், அடையாள அட்டை எடு என்று யாருக்கும் தோன்றாது. இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கு எல்லை என்பது, டீ கொஞ்சம் நன்றாக இருக்கும் இடம். சர்வீஸண்ணன் அந்தப் பழக்கத்தைத்தான் பெட்டியில் வைத்து ஆப்பிரிக்காவுக்குக் கொண்டு போனார்.

எந்த இரண்டு நாடுகள் என்று சொல்லப்போவதில்லை. இரண்டிலும் எங்கள் பம்புகள் ஓடுகின்றன. படத்தில் ஒன்று மஞ்சள், மற்றது ரோஸ். ஏரிகளின் பக்கம், மேட்டு நிலத்தில், நடுவே ஓர் ஆறு. ஆற்றின் மேல் ஒரு பாலம். பாலத்தின் இந்த முனையில் மஞ்சள் நாட்டின் கேட், அந்த முனையில் ரோஸ் நாட்டின் கேட். சர்வீஸண்ணன் மஞ்சள் பக்கத்து ஊரில் ஒரு லாட்ஜில் தங்கி, ஆற்றோரம் பத்துப் பன்னிரண்டு பம்புகளைப் பொருத்திக்கொண்டிருந்தார். தங்கியிருந்த பக்கம் டீ பாலில்லாமல், கஷாயமாக இருந்ததாம். அந்தப் பக்கம், கேட்டைத் தாண்டியதும், ஓர் அம்மாள் இஞ்சி தட்டிப் போட்டுப் பாலில் கொதிக்க வைத்துத் தருவாள். அதற்கு அங்கேயும் சாய் என்றுதான் பெயர். "நம்ம சனிக்கெழம டீ மாதிரியே இருக்குதுபா. அவுங்களும் பெஞ்சு போட்டுக்கறாங்க" என்று போனில் சொன்னார். கேட்டில் நிற்பவர்கள் பழக்கமாகிவிட்டார்கள். காலையில் இவர் கையை ஆட்டுவார், அவர்கள் கையை ஆட்டுவார்கள். ஒரு நாட்டை விட்டு வெளியேறி இன்னொரு நாட்டில் டீ குடித்துவிட்டு வேலைக்குத் திரும்பி வருவார். பாஸ்போர்ட் லாட்ஜில், தலையணைக்கு அடியில் இருந்தது.

ஒருநாள் காலை பதினோரு மணி டீ வந்த நேரத்தில் என் போன் அடித்தது. "டீ குடிக்க வந்தம்பா. கேட்ட மூடிட்டாங்க" என்றார். நான் சிரித்தேன் என்று நினைக்கிறேன். "எந்தக் கேட்டண்ணா?" என்று கேட்டேன். "ரெண்டும்." பின்னால் லாரி ஹாரன்கள் கேட்டன. பாலத்தின் நடுவில் நிற்பதாகச் சொன்னார். தேர்தலா, கலகமா, எதனால் என்று அவருக்குத் தெரியவில்லை. நாங்கள் இங்கே செய்திகளைத் தேடினோம். அந்த இரண்டு நாடுகளின் பெயரும் அன்றைய தினம் உலகத்துக்கு முக்கியமாக இருக்கவில்லை. சாயங்காலம் அவர் போன் அணைந்துவிட்டது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று ஜி.எம். சொன்னார். எல்லாரும், ஆமாம், சார்ஜ்தான் என்றோம்.

தூதரகத்தில் பேசும் பொறுப்பு என்னிடம் வந்தது. எல்லைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் நான்தானே. எதிர்முனையில் மரியாதையான குரல் ஒன்று, "அவர் இப்போது எந்த நாட்டில் இருக்கிறார்?" என்று கேட்டது. நான் படத்தைப் பார்த்தேன். "இரண்டிலும் இல்லை சார்" என்றேன். மஞ்சள் நாட்டுக்கு ஒரு தூதரகம், ரோஸ் நாட்டுக்கு இன்னொன்று. மஞ்சளை விட்டு அவர் முறைப்படி வெளியேறவில்லை, ரோஸுக்குள் முறைப்படி நுழையவுமில்லை. ஆகவே எந்தக் காகிதத்தின்படியும் அவர் காணாமல் போகவில்லை. நான் ஸ்கேலை எடுத்து அளந்தேன். அந்தப் படத்தில் நாடுகளுக்கு நடுவே போட்டிருக்கும் கறுப்புக் கோட்டின் தடிமனே, நிலத்தில் சில கிலோமீட்டர் அகலம் வரும். பாலமும் ஆறும் இரண்டு கேட்டுகளும் அதற்குள் அடங்கிவிடும். கோட்டுக்குள் ஆள் இருக்க முடியும் என்று எனக்கு அதுவரை தோன்றியதில்லை.

அவர் நடந்தே எங்காவது தப்பிப் போக வழியிருக்கிறதா, மலை எந்தப் பக்கம், ஆறு எவ்வளவு அகலம் என்று பார்ப்பதற்காகப் படத்தைத் திருப்பி நிலத்தின் பக்கமாக மாட்டினேன். ஓசூரில் உட்கார்ந்துகொண்டு நான் வேறு என்ன செய்யக்கூடும்? அந்த நேரத்தில்தான் அவர் மனைவி, எங்கள் அண்ணி, வந்தார். சூளகிரியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார். புடவையில் கொத்தமல்லி வாசனை. மார்க்கெட்டில் கட்டுகளைப் போட்டுவிட்டு அப்படியே வந்திருக்க வேண்டும். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை.

"எங்க இருக்கறாருன்னு காட்டுங்க" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் கண் அந்தத் துளையில் போய் நின்றுவிட்டது. மற்றத் துளைகளைவிட அதுதான் பெரியது. எந்த ஆளின் துளை பெரிதாக இருக்கும் என்று யாரும் அவருக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிட்டே போய், விரலை வைத்து, "இது தண்ணிதான?" என்று கேட்டார்.

தாளுக்கு இரண்டு பக்கம் உண்டு, திருப்பினால் வலது இடதாகும், கண்ணாடியில் பார்ப்பதுபோல என்று விளக்க ஆரம்பித்தேன். நல்ல தமிழில், படிப்படியாக விளக்கினேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு கேட்டார். முடிந்ததும், "அப்ப அந்தப் பக்கமா திருப்பி வெச்சிடுங்க. அவரு வர்ற வரைக்கும் இந்தப் பக்கம் யாரும் திருப்பக் கூடாது" என்றார். ஜி.எம். தானே எழுந்து வந்து படத்தைக் கழற்றி நாடுகளின் பக்கமாக மாட்டினார். ஸ்டாண்டிலிருந்து சிவப்பு ஊசியைத் தேடி எடுத்து, மஞ்சளுக்கும் ரோஸுக்கும் நடுவில், கோட்டின் மேல் குத்தினார். குத்திய பிறகும் அவர் கை ஊசியை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. மார்க்கர் பேனாவால் கண்டத்தை வகிர்ந்த கை.

அதற்குப் பிறகு படத்தை யாரும் தொடவில்லை. ஃபேன் போடப் போகிறவர்கள் ஊருக்குப் போவதாகச் சொல்வதையும் நிறுத்திக்கொண்டார்கள். அண்ணி இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை வருவார். ஊசி இடம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பார், போய்விடுவார். நாங்கள் அதை நகர்த்தினால் அவரும் அங்கே நகர்ந்துவிடுவார் என்று அவர் நம்பினாரா, தெரியவில்லை. எனக்கே ஒரு கட்டத்தில் அந்தப் பைத்தியக்காரத்தனம் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் யாரும் இல்லாதபோது ஊசியை ஒரு மயிரிழை மஞ்சள் பக்கம் சாய்த்து வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது தானாக நிமிர்ந்துகொண்டது. துளை பெரிதாகிவிட்டிருந்தது, அவ்வளவுதான். ஆனால் அன்றைக்கு என்னால் சாப்பிட முடியவில்லை.

வந்துவிட்டார். ஒரு மாசம் கழித்து, வேறொருவர் சட்டையைப் போட்டுக்கொண்டதுபோல உடம்பு வற்றி, பெங்களூர் விமான நிலையத்தில் இறங்கினார். நானும் ஜி.எம்.மும் காரில் கூட்டிக்கொண்டு வந்தோம். அத்திப்பள்ளி நெருங்கியதும் ஜி.எம். பழக்க தோஷத்தில் வண்டியை ஓரங்கட்டி, "ஒரு டீ அடிப்பமா?" என்று கேட்டுவிட்டார். சர்வீஸண்ணன் பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "தாண்டிடுங்க சார். மொதல்ல தாண்டிடுங்க" என்றார்.

நடந்ததைப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். சொல்லும்போது துப்பாக்கிகளைப் பற்றி அதிகம் பேசமாட்டார். பெஞ்சைப் பற்றித்தான் பேசுவார். அன்று காலை அவர் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தபோது அந்த அம்மாள் வந்து எழுந்திருக்கச் சொல்லிச் சைகை காட்டினாளாம். பெருக்கப் போகிறாள் என்று நினைத்து இவர் கிளாஸோடு எழுந்து நின்றார். அவள் பெஞ்சைத் தூக்கி உள்ளே வைத்தாள். பிறகு அடுப்பை. பக்கத்துக் கடைக்காரன் வாழைப்பழத் தாரை இறக்கி உள்ளே கொண்டு போனான். யாரும் ஓடவில்லை, யாரும் பேசவில்லை. "ஒரு போலீஸ்காரன் வரலபா அதுவரைக்கும். கேட்டு தொறந்துதான் இருந்துச்சு. அப்பவே நான் ஓடியாந்திருந்தா தாண்டியிருக்கலாம். கிளாஸ்ல பாதி டீ இருந்துச்சு. அத முடிச்சிட்டுப் போலாம்னு நின்னுட்டன்." முடித்துவிட்டுப் பாலத்துக்குள் வந்தபோது மஞ்சள் கேட் மூடியிருந்தது. கையை ஆட்டுகிறவர்கள் இல்லை. புதிய ஆட்கள். திரும்பினால் ரோஸும் மூடியிருந்தது.

நடுவில் மாட்டிக்கொண்ட லாரிகள் பல. அதில் ஒரு டிரைவர் இவரைத் தன் லாரியின் நிழலில் படுக்க விட்டார், வைத்திருந்த மாவைக் கிளறிப் பங்கு கொடுத்தார். இருவருக்கும் பொதுவான சொல் ஒன்றுதான். காலையில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு 'சாய்' என்பாராம் அந்த மனிதர், இவரும் 'சாய்' என்பாராம். இலைகூடப் போடாத வெந்நீர். அவர் தங்கியிருந்த லாட்ஜை நடத்தும் அம்மாள் தினமும் மஞ்சள் கேட்டுக்கு வந்து இவருடைய பாஸ்போர்ட்டை உயர்த்திக் காட்டுவாள், உள்ளே விடமாட்டார்கள், போய்விடுவாள். ஒருநாள் மத்தியானம், எந்தக் காரணமும் இல்லாமல், கேட் ஓர் ஆள் அகலத்துக்குத் திறந்தது. அவள் கையை நீட்டி இவரை இழுத்துக்கொண்டாள். இவருக்குப் பின்னால், சட்டையைப் பிடித்தபடி, அந்த டிரைவர் நின்றிருந்தார்.

"சட்டைல இருந்த கை எடுபட்டுச்சு. அவரா எடுத்தாரா, கேட்டு எடுத்துச்சான்னு தெரியலபா. திரும்பிப் பாத்தேன். மூடிட்டாங்க." இதைச் சொல்லிவிட்டுத் தன் சட்டையின் பின்பக்கத்தை இழுத்து விட்டுக்கொள்வார். "எதுக்கு மூடுனாங்கன்னும் தெரியாது. எதுக்குத் தொறந்தாங்கன்னும் தெரியாது. அவரு பேரும் தெரியாது."

அதோடு வெளிநாட்டு வேலையை விட்டார், பிறகு கம்பெனியையும் விட்டார். இப்போது சூளகிரியில் கொத்தமல்லியும் தக்காளியும் போடுகிறார். ஓசூருக்கு வருவார், அத்திப்பள்ளிக்கு வரமாட்டார். பெங்களூரில் நடந்த சொந்தத் தங்கை மகன் கல்யாணத்துக்கு அண்ணி மட்டும் போனார். எனக்கு மட்டும் வாரத்துக்கு ஒருமுறை போன் செய்வார். நலமா, சாப்பிட்டாயா என்பதெல்லாம் கிடையாது. "பெஞ்சு வெளியதான இருக்குது?" என்பார். சனிக்கிழமை டீயை நான் விடவில்லை என்று அவருக்குத் தெரியும். "வெளியதாண்ணா இருக்குது" என்பேன். வைத்துவிடுவார். காவிரிச் சண்டை வரும் காலங்களில் தினமும் கேட்பார். பஸ்கள் ஜுஜுவாடியோடு நின்று, ஜனங்கள் தலையில் மூட்டையும் கையில் குழந்தையுமாக அந்தக் கோட்டை நடந்தே தாண்டிய நாட்களை நாங்கள் பார்த்திருக்கிறோம். தொற்றுநோய்க் காலத்தில், பாஸ் இருந்தால் மனிதன், இல்லாவிட்டால் வைரஸ் என்று அதே இடத்தில் தடுப்பு வைத்ததையும் பார்த்தோம். அப்போதெல்லாம் முதலில் எது நடந்தது, தடுப்பு வந்ததா, பெஞ்சு உள்ளே போனதா என்று நான் கவனித்ததில்லை. கவனித்திருக்க வேண்டும் என்று அவர் சொல்லமாட்டார். நானாக நினைத்துக்கொள்வேன்.

போன மாதத்தில் ஒரு சனிக்கிழமை. காவிரியில் தகராறு இல்லை, நல்ல மழை, அணைகள் நிறைந்திருந்தன. செய்தியில் யாரோ நடிகரின் விவாகரத்து. சாலையில் வழக்கமான நெரிசல். நான் பைக்கை ஓரமாக நிறுத்திவிட்டுக் கடையை நோக்கி நடந்தேன். கடைக்காரர் பெஞ்சின் ஒரு முனையைத் தூக்கி உள்ளே இழுத்துக்கொண்டிருந்தார். பிறகு ஷட்டரைப் பாதி இறக்கினார். என்னைப் பார்த்தார், சிரித்தார், டீ இல்லை என்று கையை விரித்தார்.

அதுவரை நான் சர்வீஸண்ணனுக்குப் போன் செய்ததே கிடையாது. அவர்தான் செய்வார். அன்று நான் செய்தேன்.

"பெஞ்சு உள்ள போயிடுச்சுண்ணா."

அந்தப் பக்கம் மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. அதை நிறுத்திவிட்டு வந்தார். "போலீஸு?" "இல்ல." "டிவில?" "ஒண்ணும் இல்லண்ணா." "பொண்ணு எங்க?"

என் மகள் எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்க்கிறாள். கம்பெனி பஸ்ஸில் காலையில் கோட்டைத் தாண்டிப் போய் மாலையில் தாண்டி வருகிறாள். அன்று சனிக்கிழமையும் அவளுக்கு வேலை. "அந்தப் பக்கம்" என்றேன்.

"நீ எந்தப் பக்கம் நிக்கற?"

நான் சுற்றிலும் பார்த்தேன். பின்னால் தமிழில் நன்றி, முன்னால் கன்னடத்தில் வரவேற்பு. பேசிக்கொண்டே பின்வாங்கி இரண்டு போர்டுகளுக்கும் இடையில் வந்திருந்தேன். "நடுவுல" என்றேன்.

"நடுவுல நிக்காத. அவ இருக்கற பக்கமா போ" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

போனேன். ஒரு டீக்கடை மூடியதற்காக ஐம்பது வயது மனிதன் எலெக்ட்ரானிக் சிட்டி வரை பைக்கில் போய், செக்யூரிட்டியிடம் கெஞ்சி, மகளைப் பாதி வேலையில் வெளியே கூப்பிட்டான் என்பதை என் எதிரிகள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும். "பெஞ்சா? எந்தப் பெஞ்சுப்பா?" என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். ஹெல்மெட்டுக்குள்ளிருந்து என்னைத் திட்டிக்கொண்டே பின்னால் உட்கார்ந்து வந்தாள். கோட்டைத் தாண்டும்போது அவள் கை என் சட்டையைப் பிடித்திருந்தது. அதைச் சரிபார்க்க இரண்டு முறை முதுகுப்பக்கம் தொட்டுப் பார்த்தேன்.

ஒன்றும் நடக்கவில்லை. மறுநாள் காலை போய்ப் பார்த்தேன். பெஞ்சு வெளியே இருந்தது. ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நேற்று ஏன் மூடினீர்கள், வீட்டில் ஏதாவது விசேஷமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ஏனில்ல சார், சும்னே" என்றார், கன்னடத்தில். ஒன்றுமில்லை, சும்மாதான். பிறகு டீயை ஆற்றியபடி, என் முகத்தைப் பார்க்காமல், தமிழில் சொன்னார்: "எடுத்து உள்ள வெச்சிடலாம்னு தோணுச்சு."

அன்று மத்தியானம் வீட்டில் அந்தப் படத்தின் முன்னால் நின்றேன். ஜி.எம். ஓய்வு பெற்றபோது, இனி எல்லாம் கம்ப்யூட்டரில் என்று முடிவாகி, "நீ எடுத்துட்டுப் போவே" என்று என்னிடம் தந்துவிட்டுப் போன படம். அண்ணியின் விரல் பட்ட கடல். துளை வழியாகச் சுவர் தெரிந்தது. படத்தோடு தந்த பேனா ஸ்டாண்டில் வந்திருந்த சிவப்பு ஊசி இன்னும் என்னிடம் இருக்கிறது. அதை எடுத்து, எத்தியோப்பியாவுக்கு நேர் கிழக்கே ஒரு முழம் அளந்து, எங்கள் ஊர் வரும் இடத்தில் குத்தினேன். நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளிக் குத்தினேன். காரை உதிர்ந்தது, ஊசி விழுந்தது.

"அங்க நிக்காதுப்பா" என்றாள் மகள், சோபாவில் படுத்தபடியே. "மழை பெஞ்சதிலருந்து அந்த எடத்துல ஓரமா லேசா தண்ணி கசியுது."

குனிந்து ஊசியை எடுத்தேன். விரலில் ஒட்டிய காரை ஈரமாக இருந்தது.